சிங்குக்கு அடியில்

நட்டு கையோடு வந்துவிட்டது. காளியம்மாள் அதைக் கீழே விடவில்லை. இடது கையால் குழாயைத் தாங்கிக்கொண்டு, வலது கை விரல்களால் நட்டை மறுபடியும் மரையில் ஏற்றி மெல்லத் திருகினாள். சிங்குக்கு அடியிலிருந்த அலமாரிக்குள் அவளுடைய தலையும் ஒரு தோளும் மட்டுமே நுழைந்தன. மூக்குக்கு நேராக முந்தின நாள் மீன் குழம்பின் வாடை. வாளியில் சொட்டுவது நின்றது. இன்னும் கால் சுற்று திருகினாள். அதற்கு மேல் திருகக்கூடாது. யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. இரண்டு மாதத்தில் அறுபது தடவை திருகிக் கை கற்றுக்கொண்டது.

வாளியைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டினாள். தரையைத் துடைத்தாள். மணி ஆறரை. பங்களாவில் இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை.

பங்களாவை கெஸ்ட் ஹவுஸாக மாற்றியபோது வந்த சிங்க் அது. கோயமுத்தூரிலிருந்து வந்த பிளம்பர் இரண்டு ஸ்டீல் சிங்குகளைப் பொருத்தினான். ஒன்று சமையலறைக்குள், இன்னொன்று பின்பக்கம் பெரிய பாத்திரம் கழுவ. இரண்டுக்கும் ஒரே மாதிரி வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய், ஒரே மாதிரி நட்டு. உள்ளே பொருத்தியதில் ஒரு வாசரைப் போட மறந்துவிட்டு அவன் மேட்டுப்பாளையம் பஸ்ஸைப் பிடித்துவிட்டான். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஒன்றும் தெரியாது. மராமத்து ஆட்களுக்குச் சோறாக்கிக் கஞ்சி வடித்தால் பிளாஸ்டிக் சூட்டில் நெகிழ்ந்து நட்டு இளகும். காளியம்மாள் தேயிலைக் கொழுந்துக் கூடை கட்டும் லாரி டியூப் பட்டையில் ஒரு வளையம் வெட்டி வாசருக்குப் பதிலாக வைத்தாள். அது பாதி ஒழுகலை நிறுத்தியது. மீதியைத் தினமும் காலையில் கையால் நிறுத்தினாள்.

யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சமையலறையில் எது உடைந்தாலும் சமையல்காரி உடைத்ததாகவே கணக்கு. அவளுக்கு முன்னால் இருந்தவளுக்கு ஒரு மிக்ஸி ஜாடி உடைந்ததில் வேலை போனது.

அன்னூர்ப் பக்கம் கடலைக்காட்டில் வளர்ந்தவள் அவள். பத்தொன்பது வயதில் மலையேறினாள். மாப்பிள்ளை கட்டபெட்டு ஊருக்கு மேலே டீ ஃபேக்டரியில் பாய்லர்காரன், காக்கிச் சட்டை, கம்பெனி வீடு என்று சொல்லிக் கட்டி வைத்தார்கள். எல்லாம் உண்மைதான். ஆறுச்சாமி இருபத்தாறு வருஷம் அந்த பாய்லரைப் பார்த்துக்கொண்டான். அவன் பூட்டிய குழாய் மூட்டுகளில் ஆவி கசிந்ததில்லை. சணலைச் சுற்றி, வெள்ளைப் பசை தடவி, இரண்டடி நீள ரிஞ்சைப் போட்டு அவன் இறுக்கினால் அது இறுகினதுதான். வீட்டிலும் அப்படித்தான் இறுக்குவான். குழாயை அவன் மூடிவிட்டு வேலைக்குப் போனால் அவளால் திறக்க முடியாது. ஊறுகாய் ஜாடி, மண்ணெண்ணெய் டப்பா, எதுவும் திறக்காது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வந்து ஒரே திருகில் திறந்துவிட்டு லைன் வீடுகள் முழுக்கக் கேட்கும்படி சிரித்தான்.

"கடலை உரிக்கற கையிக்கு என்ன வலுவிருக்கும்!"

அதிலிருந்து பதினான்கு வருஷம் அவள் கொழுந்து பறித்தாள். பிறகு பங்களாச் சமையலுக்கு வந்தாள். அந்தப் பேச்சு மட்டும் அவனுக்குச் சலிக்கவே இல்லை.

பச்சைத் தேயிலை விலை விழுந்த இரண்டாவது வருஷம் ஃபேக்டரியை மூடினார்கள். சுற்றிலும் சிறு தோட்டக்காரர்கள் கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டார்கள். இடுப்பளவு இருந்த செடிகள் ஆளுயரம் வளர்ந்து மரமாகிக்கொண்டிருந்தன. முதலாளி மலைக்கு வருவதை நிறுத்தினார். அவருடைய மனைவிதான் பங்களாவில் விருந்தாளிகளை வைத்துக் காசு பார்க்கலாம் என்று கிளம்பி வந்தாள். ஃபேக்டரி ஆபீஸில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த மருதாசலம் மேனேஜரானான்.

வேலை இல்லாதவர்கள் மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. சமையல் தினக்கூலி, அதற்கு வீடு கிடையாது. வீடு உள்ள வேலை ஒன்றே ஒன்றுதான் மிச்சம். பங்களாவில் எது பழுதானாலும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். அதற்கு ஆறுச்சாமி கேட்டிருந்தான். குன்னூரிலிருந்து இன்னொருவனும் கேட்டிருந்தான்.

மகள் சுகுணாவுக்கு இது எட்டாம் மாதம். வெள்ளிக்கிழமை பிரசவத்துக்கு அழைத்து வர நாள் குறித்தாயிற்று. தலைப்பிரசவம் பெற்றவள் வீட்டில். காரமடையிலிருந்து சம்பந்தியம்மா ஏற்கெனவே இரண்டு தடவை போன் போட்டுக் கேட்டுவிட்டாள். "ஏனுங்க, ஊடு இருக்குதுங்களா, இல்லீங்களா? இல்லீன்னா இப்பவே சொல்லிப் போடுங்க. புள்ளையக் கூட்டிட்டு வந்து ரோட்டுல நிக்க முடியாதுங்க."

அன்று புதன்கிழமை. மறுநாள் மெட்ராஸிலிருந்து முதல் விருந்தாளிகள் எட்டுப் பேர் வருவதாக இருந்தது. முதலாளியம்மா முந்தின நாள் சாயங்காலமே காரில் வந்து இறங்கியிருந்தாள். காலை ஒன்பது மணிக்குத் தன் கையாலேயே பால் காய்ச்சுகிறேன் என்று அடுக்களைக்குள் வந்தாள். பால் பொங்கி அடிப்பிடித்தது. கொதிக்கக் கொதிக்கப் பாத்திரத்தை சிங்கில் கவிழ்த்தாள். கால் உறை நனைந்த பிறகுதான் கீழே பார்த்தாள்.

"என்னடி இது, ஆறு மாதிரி ஓடுது?"

காளியம்மாள் துணியை எடுத்துக்கொண்டு குனிந்தாள். மருதாசலம் கதவருகில் வந்து நின்றான்.

"மருதாசலம், நாளைக்கு ஆளுக வராங்க. கோத்தகிரியிலிருந்து யாரையாச்சும் வரச் சொல்லு."

"அதுக்கு எதுக்குங்கம்மா வெளியாளு?" மருதாசலம் சொன்னான். அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. "நம்ம பாய்லர்காரர் சும்மாதான இருக்காருங்க. வேலையும் கேட்டிருக்காரு. கூப்புட்டுப் பாத்துரலாங்க."

காளியம்மாளுக்கு அந்தச் சந்தோஷம் புரிந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் பாய்லர் ரூமில் விறகு அட்டிக்குப் பக்கத்தில் பீடி பற்ற வைத்தான் என்று மருதாசலத்தைச் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே தள்ளியிருந்தான் ஆறுச்சாமி. கொழுந்து நிறுக்க நின்ற அத்தனை பெண்களும் பார்த்தார்கள்.

"சரி" என்றாள் முதலாளியம்மா. "நல்லாச் செஞ்சான்னா அவனையே வெச்சுக்கலாம். இல்லாட்டி குன்னூர்க்காரனுக்கு போன் போட்டு நாளைக்கே வரச் சொல்லிரு."

காளியம்மாள்தான் கூப்பிடப் போனாள். ஆறுச்சாமி வாசலில் உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் பாதிக் கன்னத்தில் நுரையோடு எழுந்து உள்ளே போனான். பெட்டியிலிருந்து காக்கி உடுப்பை எடுத்து உதறினான். எட்டு மாதமாக அவன் அதைப் போடவில்லை. இடுப்பில் தொளதொளத்தது. ரிஞ்சைத் தோளில் சாய்த்துக்கொண்டான்.

சரிவில் இறங்கும்போது அவள் பின்னால் நடந்தபடி சொன்னாள். "ஏனுங்க, அது இரும்பில்லீங்க. பிளாஸ்டிக்கு. கையில திருகுனாலே போதும். உள்ள ரப்பர் வளையம் ஒண்ணு வெச்சிருக்கறன். அத மட்டும் எடுத்துறாதீங்க."

"நீ எப்ப இருந்து கொழாய் பிட்டரான?"

"இல்லீங்க, ரெண்டு மாசமா நாந்தான்..."

"ஏ புள்ள." அவன் நின்று திரும்பினான். "நூத்தம்பது பவுண்டு ஆவியப் புடிச்சு வெச்ச கை இது. எச்சத் தண்ணி போற கொழாய்க்கு நீ எனக்குப் பாடம் நடத்தறயா? வாய மூடிட்டு வா. அங்க வந்தும் இப்படி ஏதாச்சும் பேசிப் போடாத. என்ற வேலையக் கெடுத்துப் போடுவ."

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

முதலாளியம்மா அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மருதாசலம் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான். மத்தியானத்துக்கு மராமத்து ஆட்களுக்கும் சேர்த்து நான்கு படி அரிசியை உலையில் போட்டுவிட்டு காளியம்மாள் அடுப்போரமாக நின்றாள். ஆறுச்சாமி மல்லாந்து படுத்து அலமாரிக்குள் நுழைந்தான். நட்டைக் கழற்றினான். ரப்பர் வளையம் அவன் மார்பில் விழுந்தது. அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினான்.

"அம்மா, இதப் பாருங்க. எந்த முட்டாளோ எருமைக்குக் கவுறு கட்டற மாதிரி டியூப்பக் கட்டி வெச்சிருக்கறான். ஒழுகாம என்ன பண்ணும்?"

"யாரு வெச்சது?" முதலாளியம்மா காளியம்மாளைப் பார்த்தாள்.

"தெரியாதுங்க."

ஆறுச்சாமியும் அவளைப் பார்த்தான். பிறகு வளையத்தைக் குப்பைக் கூடையை நோக்கி வீசினான். மருதாசலம் சிரித்தான். ஆறுச்சாமியும் சிரித்தான். பல வருஷத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அவன் மரையில் சணல் சுற்றினான். பசையை வழித்துத் தடவினான். நட்டை ஏற்றி ரிஞ்சைப் போட்டான். படுத்தபடியே இரண்டு கையாலும் இழுத்தான். குழாய் முனகியது. இன்னொரு முறை இழுத்தான். புஜத்தில் நரம்பு புடைத்தது. அப்போது அலமாரிக்குள் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. தீக்குச்சி ஒடிகிற மாதிரி. அது காளியம்மாளின் காதில் மட்டும் விழுந்தது. அந்தக் குழாயின் எல்லாச் சத்தமும் அவளுக்குப் பழக்கம்.

"தொறங்கம்மா" என்றான் எழுந்து.

முதலாளியம்மாவே வந்து குழாயைத் திறந்தாள். தண்ணீர் ஓடியது. குனிந்து பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை.

"பரவால்லையே!"

"இரும்போட பழகின ஆளுங்கம்மா நானு." அவன் குரல் பாய்லர் ரூம் குரலாகிவிட்டது. "இனி இந்த பங்களாவுல எது ஒழுகுனாலும் ஒரு வார்த்த சொல்லுங்க. பொம்பளைங்க கையில உட்டா இப்படித்தான், ரப்பரு, துணின்னு கட்டி வெப்பாங்க. கடலை உரிக்கற கையிங்க."

"சரி மருதாசலம். இவன் பேரையே எழுதிக்க."

மருதாசலத்தின் முகம் சுருங்கியது. "பச்சத் தண்ணி ஊத்துனா எதுதாங்க ஒழுகும்?" என்று முனகினான்.

உலை கொதித்துச் சோறு பதமாகியிருந்தது. காளியம்மாள் துணியைப் பிடித்துப் பானையை இறக்கினாள். அடுப்பிலிருந்து சிங்குக்கு ஆறு எட்டு எடுத்து வைக்க வேண்டும். நட்டில் விரிசல் விழுந்துவிட்டது என்பது அவளுக்கு நிச்சயம். இன்றைக்குக் கஞ்சியைப் பின்பக்கம் கொண்டுபோய் வடித்தால் ஆறுச்சாமிக்கு வேலை. நாளைக்கு எட்டுப் பேருக்குச் சமைக்கிற நேரத்தில் பின்பக்கம் ஓட முடியாது. யாராவது ஒருத்தர் சுடுதண்ணீரை இங்கே ஊற்றுவார்கள். நட்டு விருந்தாளிகள் முன்னால் தெறிக்கும். அவனும் போவான், அவளும் போவாள், வீடும் போகும். இன்றைக்கு இப்போதே தெறித்தால் அவன் மட்டும் போவான். சிங்குக்கு வந்து சேர்வதற்குள் இவ்வளவையும் நினைத்து முடித்துவிட்டாள்.

ஆறுச்சாமி குத்துக்காலிட்டு அலமாரிக்குள் கையை நீட்டியிருந்தான். "நீயே வந்து தொட்டுப் பாரு மருதாசலம். பாரு, என்ற கையில ஈரமிருக்குதா? கைய அடியிலயேதான வெச்சிருக்கறன்."

"தள்ளுங்க" என்றாள் காளியம்மாள்.

அவன் தள்ளவில்லை. அவள் சொன்னால் அவன் எப்போது தள்ளியிருக்கிறான்? அவளும் இரண்டாவது தடவை சொல்லவில்லை. பானையைச் சாய்த்தாள்.

கஞ்சி முழுக்க இறங்கும்வரைகூட நட்டு தாங்கவில்லை. இரண்டாகப் பிளந்து விழுந்தது. அவன் மாடு மாதிரி கத்தினான். கையை வெளியே இழுத்தபோது மணிக்கட்டிலிருந்து விரல்வரை வெள்ளையாகக் கஞ்சி ஒட்டியிருந்தது. உதறினான். சுவரெல்லாம் தெறித்தது. முதலாளியம்மா நாற்காலியின் மேல் காலைத் தூக்கிக்கொண்டாள். மருதாசலம் முதலில் வாயைப் பொத்தினான். பிறகு முடியவில்லை. சுவரில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தான்.

"இரும்போட பழகின ஆளுங்களாமா! ஐயோ, அம்மா!"

காளியம்மாள் பானையை மேடையில் வைத்தாள். வாளியில் பச்சைத் தண்ணீர் பிடித்துப் புருஷனுக்கு முன்னால் வைத்தாள். "கைய உள்ள வெய்ங்க" என்றாள். அவனைப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போனாள். வெளி சிங்குக்கு அடியில் உட்கார்ந்து நட்டு, வாசர், வளைகுழாய் மூன்றையும் கையாலேயே கழற்றினாள். உள்ளே வந்து அலமாரிக்குள் தலையை விட்டாள். பிளந்த துண்டுகளை எடுத்து வெளியே போட்டாள். சணலைப் பிய்த்தாள். மரையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். வளைகுழாயை மாட்டி, வாசரை உட்கார வைத்து, நட்டை ஏற்றி, விரலால் திருகினாள். கால் சுற்று. நிறுத்தினாள்.

எல்லாம் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பானையில் மிச்சமிருந்த கஞ்சியை ஊற்றினாள். பக்கத்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரையும் ஊற்றினாள்.

"பாருங்கம்மா."

முதலாளியம்மா நாற்காலியிலிருந்து இறங்கி வந்து வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

"உனக்கு இது எப்படித் தெரியும்?"

"ரெண்டு மாசமா நாந்தானுங்க பாத்துட்டிருக்கறன். அந்த ரப்பர் வெச்சதும் நாந்தானுங்க."

"கேட்டதுக்குத் தெரியாதுன்னியே?"

"அவரு பேசிட்டிருந்தாருங்க."

மருதாசலத்துக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. "ஏனுங் ஆறுச்சாமியண்ணா, ஊட்டுக்குள்ளயே பிட்டர வெச்சுக்கிட்டா நீங்க இத்தன வருஷம் ரிஞ்சத் தூக்கிட்டு நடந்தீங்க?"

ஆறுச்சாமி வாளிக்குள் கையை விட்டபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, அந்தக் குன்னூர்க்காரனுக்கு போன் போடு" என்றாள் முதலாளியம்மா.

"அம்மா." காளியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அவன் வந்தா அவனுக்குச் சம்பளம், எனக்குச் சம்பளங்க. நானே ரெண்டையும் பாத்துக்கறனுங்க. கொழாய், பல்பு, பியூசு, எல்லாங் கத்துக்குவன். சமையல் கூலி மட்டும் குடுங்க. ஊட்டை என்ற பேருல எழுதிக் குடுங்க. அது போதுமுங்க."

முதலாளியம்மா யோசித்தாள். "விருந்தாளிக குளிக்க விடியக்காலையில வெந்நீர் அடுப்பு மூட்டணும். சமையலையும் வெச்சுக்கிட்டு அதை எப்படிச் செய்வ? குன்னூர்க்காரன் அதையும் செய்யறேன்னான்."

காளியம்மாள் தயங்கவில்லை.

"இவரு மூட்டுவாருங்க. அதுக்குத் தனியாச் சம்பளம் வேண்டாமுங்க. சும்மாதான உக்காந்திருக்கறாரு. தீ மூட்ட நல்லாத் தெரியுமுங்க."

"புள்ள" என்றான் ஆறுச்சாமி. அது கேள்வியா, அதட்டலா என்று அவனுக்கே தெரியாத மாதிரி இருந்தது.

"கைய எடுக்காதீங்க. இன்னுஞ் சித்த நேரம் தண்ணிக்குள்ளயே இருக்கட்டும்."

முதலாளியம்மா ஆறுச்சாமியைக் கேட்கவில்லை. மருதாசலத்திடம்தான் சொன்னாள். "குன்னூர்க்காரன் வர வேண்டாம். ஒரு கூலியில ரெண்டு பேரு. மோசமில்ல."

அவர்கள் போன பிறகு காளியம்மாள் சுவரில் ஒட்டியிருந்த கஞ்சியைச் சுரண்டினாள். ஆறுச்சாமி வாளிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தான். விரல்கள் வீங்கத் தொடங்கியிருந்தன.

"நீ தெரிஞ்சேதான ஊத்துன?" என்றான்.

"தள்ளுங்கன்னு சொன்னனுங்க."

அவள் சுரண்டி முடித்துவிட்டுக் குழம்புக்குப் புளியைக் கரைத்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை. ஆறுச்சாமி ஐந்து மணிக்கு எழுந்து பங்களாவுக்குப் பின்னால் போய் வெந்நீர் அடுப்பை மூட்டிப் பார்த்தான். வலது கையில் துணி சுற்றியிருந்ததால் இடது கையால் விறகு தள்ளினான். காக்கி உடுப்பைப் போடவில்லை. பத்தரை மணிக்கு மெட்ராஸ்காரர்கள் இரண்டு காரில் வந்தார்கள். எட்டுப் பேரும் குளித்தார்கள். வெந்நீர் போதவில்லை என்று ஒருவர் சொன்னார். மருதாசலம் பின்பக்கம் போய் ஆறுச்சாமியிடம் அதைச் சொன்னான். ஆறுச்சாமி இன்னும் நான்கு கட்டை வைத்தான். மத்தியானம் கோழிக் குழம்பும் ரசமும். சிங்க் ஒழுகவில்லை. வெளி சிங்குக்குக் குழாய் இல்லாததால் காளியம்மாள் பெரிய பாத்திரங்களை மண்ணில் வைத்துக் கழுவினாள். மூன்று மணிக்கு மருதாசலம் வீட்டுப் பட்டியலில் ஆறுச்சாமியின் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதினான். அவள் கையெழுத்துப் போட்டாள். நான்கு மணிக்குக் கடையிலிருந்து காரமடைக்கு போன் போட்டு, ஊடு இருக்குதுங்க, நாளைக்கு மத்தியானச் சமையல முடிச்சுப் போட்டு நாங்க வந்து கூட்டிட்டு வந்தர்றமுங்க என்று சொன்னாள். சம்பந்தி வருவாருங்களா என்று கேட்டார்கள். அவருக்கு வேலை இருக்குதுங்க, நானும் என்ற தங்கச்சியும் வர்றமுங்க என்றாள். வீட்டுக்கு வந்து சுகுணாவுக்கு உள் அறையை ஒழித்துச் சாணி போட்டு மெழுகினாள். ஆறுச்சாமி தன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் விறகுக் கொட்டகையில் போட்டுக்கொண்டான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.